பழைய உள்ளாடைகளின் காலக்கணிப்பு

பழைய உள்ளாடைகளின் காலக்கணிப்பு என்பது கோவணம், பனியன், பட்டாபட்டி, பாடி, உள்பாவாடை போன்றவை எக்காலத்தில் செய்யப்பட்டவை என்பதைத் துணி, தையல், இணைப்பு, அச்சு முத்திரை ஆகியவற்றைக் கொண்டு அறியும் முறையாகும். ஆடை வரலாறு, நெசவு வரலாறு, சமூக வரலாறு ஆகிய மூன்றுக்கும் இது பயன்படுகிறது. இக்கட்டுரை சத்தியமங்கலம், கோபிச்செட்டிபாளையம், திருப்பூர் உள்ளிட்ட கொங்கு நாட்டு ஆடைகளை முதன்மையாகக் கொண்டது.

அரிதாகக் கிடைப்பதன் காரணம்

கூறைப்புடவையும் பட்டு வேட்டியும் பெட்டியில் பத்திரப்படுத்தப்படும். உள்ளாடை கிழியும்வரை உடுத்தப்பட்டு, பின்னர் கரித்துணியாகவோ விளக்குத் திரியாகவோ மாறிவிடும். வெளியே காட்டக் கூடாத பொருள் என்ற கூச்சமும் அதைச் சேர்த்து வைக்க இடந்தரவில்லை. ஆகவே எஞ்சியிருக்கும் ஒரு பழைய பாடியோ பட்டாபட்டியோ, எழுத்தில் பதிவாகாத அன்றாட வாழ்க்கைக்குச் சான்றாகிறது.

முக்கிய வகைகள்

* கோவணம்: பேச்சு வழக்கில் கோமணம். அரைஞாண் கயிற்றில் செருகிக் கட்டும் தைக்காத துணி. இதன் வடிவம் நூற்றாண்டுகளாக மாறாததால், வடிவத்தைக் கொண்டு காலம் கூற இயலாது.
* பட்டாபட்டி: கோடு போட்ட பருத்தித் துணியில் தைத்து, நாடா கோத்த தொளதொளப்பான கால்சட்டை.
* பனியன்: பின்னலாடை. இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்கத்தாவில் பின்னலாடை ஆலைகள் தோன்றின. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் திருப்பூரில் இத்தொழில் தொடங்கியது.
* பாடி: பெண்களின் மார்பு உள்ளாடை. தைக்காமல் கட்டும் கச்சு இதனினும் பழமையானது. இன்றைய பிராவின் முன்னோடிகளுள் ஒன்றுக்கு 1914இல் அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்றார்.

அடிப்படை விதி

ஓர் ஆடையின் உறுப்புகளில் எது மிகப் பிந்தையதோ, அதுவே அந்த ஆடையின் காலத்திற்கு மேல் எல்லை. நைலான் மகளிர் காலுறை அமெரிக்காவெங்கும் விற்பனைக்கு வந்தது 1940இல்தான். எனவே நைலான் நூலால் தைத்த பாடி, எவ்வளவு நைந்திருந்தாலும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் அந்த நூல் முதல் தையலா, பின்னாளில் போட்ட ஒட்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காலம் காட்டும் சான்றுகள்

இழை: பள்ளி ஆய்வகத்தின் நுண்ணோக்கியே போதும். பருத்தி இழை முறுக்கிய நாடா போலவும், நைலான் வழவழப்பான கம்பி போலவும் தெரியும். நீட்டினால் மீளும் ஸ்பான்டெக்ஸ் இழை 1958இல் கண்டுபிடிக்கப்பட்டது. நூல் சீரற்றுத் தடித்தும் மெலிந்தும் இருந்தால் கைநூற்புக் கதராக இருக்கலாம். விடுதலைப் போராட்டக் காலத்தில் திருப்பூர் ஒரு முக்கியக் கதர் மையமாக இருந்தது.

இணைப்பு: முடிச்சு, துணிப் பொத்தான், கொக்கி, அழுத்துப் பொத்தான், எலாஸ்டிக் என இவை பலவகை. பழைய எலாஸ்டிக்கின் ரப்பர் இறுகி நொறுங்கும். நாடா இன்றும் வழக்கில் இருப்பதால், அது மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

அச்சு முத்திரை: பனியனின் முத்திரையும் அட்டைப் பெட்டியும் மிகத் தெளிவான சான்றுகள்.

* அணாவில் விலை: பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது.
* நயா பைசா: 1957 முதல் 1964 வரை.
* சென்டிமீட்டர் அளவு: மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்தையது. அங்குல அளவு பின்னரும் தொடர்ந்தது.
* சென்னை மாநிலம்: 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் மாறுவதற்கு முந்தையது.
* ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்: 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தையது.
* சத்தியமங்கலம் கடை முகவரியில் கோவை மாவட்டம்: பொதுவாக, 1979இல் பெரியார் மாவட்டம் உருவாவதற்கு முந்தையது.

எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டியில் சென்னை மாநில முகவரியும் நயா பைசா விலையும் சேர்ந்திருந்தால், அதன் காலத்தை 1957க்கும் 1964க்கும் இடையில் வைக்கலாம்.

சலவைக் குறி: துணியின் ஓரத்தில் கறுப்பாகத் தெரியும் சிறு புள்ளிகளும் கோடுகளும், எந்த வீட்டுத் துணி என்று அறியச் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்டவை. இவை ஆண்டைச் சொல்லாவிட்டாலும், ஒரே வீட்டுத் துணிகளை ஒன்று சேர்க்க உதவும்.

தவறு நேரும் இடங்கள்

ஐரோப்பிய ஆடை நூல்களின் கால அட்டவணையை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மூத்த பெண்கள் ரவிக்கையின்றிச் சேலை உடுத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. மேலாடை சாதியோடும் பிணைந்திருந்தது. தென் திருவிதாங்கூரில் நீண்ட தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின் 1859இல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஆகவே ஒரு வீட்டுப் பெட்டியில் பாடி இல்லாதது அப்பெட்டியின் பழமையைக் காட்டாது. வறுமை, வழக்கம், தடை ஆகியவற்றுள் எதுவும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

பக்கத் தையல் இல்லாத பனியனும் பழையது என்று பொருளல்ல. வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய் வடிவில் வரும் துணியில் இன்றும் அவ்வாறே செய்கிறார்கள். மஞ்சள் கறையும் ஓட்டையும் சில ஆண்டுகளிலேயே வரக்கூடியவை.

பாதுகாத்தல்

கிடைத்த ஆடையை உடனே துவைப்பது தவறு. சலவைக் குறியும் முத்திரை மையும் வியர்வைக் கறையும்கூடச் சான்றுகளே. முதலில் உள்புறம், வெளிப்புறம் இரண்டையும் நிழற்படம் எடுத்து, யாருடையது, எங்கிருந்தது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். துருப்பிடித்த கொக்கி துணியில் படாதபடி இடையில் மெல்லிய பருத்தித் துணி வைக்கலாம். ஆடையை அமிலமற்ற தாளில் பொதிந்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைப்பது நல்லது. வீட்டு மூத்தோர் சொல்லும் தகவலையும் எழுதி அத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். முத்திரையில்லாத ஆடைக்குப் பல நேரங்களில் அதுவே முதன்மைச் சான்றாகிறது.