வந்த வழியே திரும்பிய பயணம்

பதுளைப் புகையிரத நிலையத்தின் மேடையில் நின்று பார்ப்போமாயின், இருப்புப்பாதை அதற்கப்பால் செல்வதில்லை என்பது விளங்கும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 180 மைல் தூரம் மலையேறி வரும் பாதை இங்கே முடிவுறுகின்றது. ஆயின், ஊவாத் தோட்டங்களைச் சேர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு இந்நிலையம் முடிவாக இருக்கவில்லை. மீண்டு வர இயலாத ஒரு நெடும் பயணத்தின் தொடக்கமாக இருந்தது.

கண்டம் விட்டுக் கண்டம் சென்றோரின் பயணக் கதைகளை நாம் வியப்போடு படிக்கின்றோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடப்பதோ ஏறத்தாழ 20 மைல் கடல்தான். அச்சிறு கடலை நம் முன்னோர் கூட்டம் கூட்டமாகக் கடந்தனர். அவர்தம் பேரர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பக் கடந்தனர். அவ்விரு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பயணம்

1820ஆம் ஆண்டுகளில் கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறக்கத் தொடங்கினர். காடழிக்கவும் கோப்பிப் பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் வறட்சியாலும் கடனாலும் நொந்திருந்த ஏழை மக்களை நாடிக் கங்காணிமார் சென்றனர். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர்.

ஊரிலிருந்து கடற்கரைவரை நடை. பின்னர் பாய்மரத் தோணி. மன்னார்க் கரையில் இறங்கியதும் மீண்டும் நடை. மாணவர்கள் இலங்கை நிலப்படத்தை எடுத்து, மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்களாக. ஏறத்தாழ 150 மைல்! அக்காலத்தில் அவ்வழியின் பெரும்பகுதி குடிநீரும் கிடைத்தற்கரிய வறண்ட காடு. வாந்திபேதி, அம்மை, காட்டுக் காய்ச்சல் ஆகிய மூன்றும் அவர்களோடு நடந்தன. நோயுற்றவரைச் சுமந்து செல்லக் கூட்டத்துக்கு வலிமை இருந்தால் சுமந்தனர். இல்லையேல் பாதையோரத்து மரநிழலில் விட்டு நடந்தனர். அவ்வழியில் மாண்டோரின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை.

கண்டியோடு நடை முடிந்தவர்கள் ஓரளவு பாக்கியசாலிகள் என்றே கூறலாம். ஊவாவுக்குரியோர் அங்கிருந்தும் மலைகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. சமவெளியின் வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு, மெல்லிய துணியோடு மலைப் பனியில் நடுங்கியவாறே பதுளையையும் பசறையையும் மடுல்சீமையையும் வந்தடைந்தது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் ஒரு நோய் தென்பட்டது. சில ஆண்டுகளுள் அது நாடெங்கும் பரவிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை; ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் வந்தன. வந்தவர்கள் லயங்களில் நிலைத்தனர்.

இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கால்நடை குறைந்தது. ஆனால் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைபட்டு, நோயில்லையென்று மருத்துவர் கூறிய பின்னரே கப்பலேற வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் அணிந்து மனிதர்கள் பயணம் செய்த காலம் அது.

வழிச்செலவும் அவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டது. தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே தொழிலாளி கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், கடன் தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்தார் அதைத் தீர்த்தாலொழிய விடுதலை இல்லை. இத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தனை துன்பத்திலும் அவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கங்காணி திரட்டியது பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே. ஒரே ஊர்க் கிணற்றில் நீர் அருந்தியோர் ஒன்றாக நடந்தனர். ஒன்றாகவே லயத்தில் குடியேறினர். விட்டு வந்த ஊரின் தெய்வத்துக்கு மலைச்சரிவில் ஒரு கல் நட்டு, அதே தப்பொலியோடு திருவிழா எடுத்தனர். ஊரைப் பிரிந்தார்களேயன்றிக் கூட்டத்தைப் பிரியவில்லை.

இரண்டாம் பயணம்

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் இணங்கினர். ஏழு பேர் அங்கே, நால்வர் இங்கே என்பது கணக்கு. அக்கணக்கைப் போடுமுன் அம்மக்களை யாரும் கேட்கவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியபோது தயங்கி நின்றோர் பலரும் புறப்படத் துணிந்தனர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரைத் துரத்தின.

பதுளை நிலையத்தில் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாகக் குடும்பங்கள் வந்து நிற்கும். வழியனுப்ப லயமே திரண்டு வரும். வண்டி அசையும்போது எழும் அழுகையைக் கேட்ட மக்கள் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். தெமோதரையில் வண்டி நிலையத்துக்குக் கீழுள்ள குகையில் நுழைந்து, குன்றைச் சுற்றி வளைந்து, மேலேறி அந்நிலையத்தை அடையும். இன்று உலகெங்குமிருந்து வருவோர் படமெடுத்து மகிழும் ஒன்பது வளைவுப் பாலத்தை அடுத்துக் கடக்கும். தம் பாட்டன்மார் வெட்டிய மலை, தாய்மார் கொழுந்தெடுத்த சரிவு, எல்லாம் சன்னலில் ஒவ்வொன்றாக வந்து மறையும்.

பொல்கஹவெலவில் வண்டி மாறி, அனுராதபுரம், மதவாச்சி வழியே தலைமன்னார். பதுளையிலிருந்து ஏறத்தாழ 300 மைல். மதவாச்சிக்கு அப்பால் வண்டி ஓடியது, ஒரு நூற்றாண்டுக்கு முன் முன்னோர் நடந்து வந்த அதே வறண்ட காட்டின் ஊடேதான். பின்னர் சுங்கச் சோதனை, கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டமையால் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. 1984இல் போரினால் அதுவும் நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றுவிட்டனர்.

இப்பயணத்தில் எவரும் பாதையோரத்தில் நோயால் விடப்படவில்லை, உண்மை. கால் நோக நடக்கவும் இல்லை. ஆனால் முதற் பயணம் பிரிக்காத ஒன்றை இப்பயணம் பிரித்தது. தந்தை இந்தியப் பிரஜை, மணமான மகன் இலங்கைப் பிரஜை. அக்காள் அங்கே, தம்பி இங்கே. மண்டபத்தில் எஞ்சிய கூட்டமும் சிதறியது. நீலகிரியில் அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், நூற்பாலைகளுக்குச் சிலர், சிறு கடன் பெற்றுச் சமவெளியில் கடை வைக்கச் சிலர். தேயிலையன்றி வேறு தொழில் அறியாத பலர், சமவெளியில் பிழைக்க வழியின்றி, கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் மலைகளை நாடித் தாமாகவே ஏறினர். இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர்.

முதற் பயணத்தார் கழுத்தில் தகரவில்லை தொங்கியது. இரண்டாம் பயணத்தார் கையில் கடவுச்சீட்டு இருந்தது. வில்லையிலும் சீட்டிலும் எழுதப்பட்டிருந்தது பிறர் வகுத்த முடிவே.

நாம் செய்ய வேண்டியது

இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஆகவே சட்டத்தின் கணக்கு ஒருவாறு முடிந்தது. குடும்பங்களின் கணக்கோ முடியவில்லை. ஒப்பாரிக் கோச்சியில் சிறுவராக ஏறியவர்களும், மேடையில் நின்று கையசைத்தவர்களும் இன்று முதியோர். கடிதங்கள் எப்போதோ நின்றுவிட்டன. முகவரிகள் தொலைந்துவிட்டன. அம்முதியோர் மறைந்துவிட்டால், ஊவாவில் உள்ள பேரனுக்கும் நீலகிரியில் உள்ள பேத்திக்கும் தாம் உறவினர் என்பதே தெரியாமற்போகும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இன்று மாலை அமர்ந்து கேளுங்கள். கடல் கடந்து வந்தபோது நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? எந்தத் தோட்டத்து லயத்தில் குடியேறியது? கோச்சியேறிப் போனவர் யார் யார்? அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது? விடைகளை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். வடபாதையில் மாண்ட முன்னோரின் பெயர்களை எழுதி வைக்க அன்று எவரும் இருக்கவில்லை. இன்று நாம் இருக்கின்றோம்.