நித்திரைக்கு ஒரு கோப்பைப் பால்

உண்ண உணவிருந்தும் பசியெடாமை ஒரு துன்பம். படுக்கப் பாயிருந்தும் நித்திரை வாராமை அதனினும் பெருந்துன்பம். இரவெல்லாம் புரண்டு கிடந்தவர் மறுநாள் வீட்டாரோடு சினக்கிறார். தொழிலிற் பிழை விடுகிறார். இத்தகையோருக்குத் தமிழர் வீடுகளில் முதியோர் கூறும் கைவைத்தியங்களுள் ஒன்று, வாசனைச் சரக்கிட்டுக் காய்ச்சிய இளஞ்சூடான பால். அதனை ஆக்கும் முறையையும், அது பயன்தரும் வகையையும், அதில் எச்சரிக்கை வேண்டும் இடத்தையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஒருவருக்குத் தேநீர்க் கோப்பையளவு பால் போதும். அதனோடு கால் கோப்பை தண்ணீர் சேர்த்து, விரற்கணுவளவு கறுவாப்பட்டையும், தட்டிய ஏலக்காய் இரண்டும் இட்டு, சேர்த்த நீர் வற்றுமளவும் மெல்லிய நெருப்பிற் காய்ச்சுதல் வேண்டும். இறக்கி வடித்தபின், துருவிய சாதிக்காய்த் தூளில் ஒரு சிட்டிகை கலக்கலாம். இனிப்பு வேண்டுவோர் பனங்கட்டியை இறக்கிய பின்னரே இடுக. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டாற் பால் திரைந்து போதலும் உண்டு. நீரிழிவுடையோர் இனிப்பை விலக்குவதே முறை. பால் ஒவ்வாதவர்கள் கறுவாவையும் ஏலத்தையும் வெந்நீரில் அவித்து அருந்தலாம்.

இனி, இப்பானம் நித்திரையை எவ்வாறு தருகிறது? பாலில் திரிப்தோபன் என்னும் பொருள் உண்டு. நித்திரைக்குத் துணைசெய்யும் மெலற்றோனினை உடல் அதிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. ஆயினும், ஒரு கோப்பைப் பாலில் உள்ளது சிறிதளவே. அதுவே ஒருவரை உறங்க வைத்துவிடும் எனல் பொருந்தாது.

பாலின் பெரும்பயன், இரவுணவின் பின் அருந்தும் தேநீரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளுதலே. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அருந்தி ஐந்து மணித்தியாலம் சென்றபின்னும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் தங்கியிருக்கும். படுக்கைக்கு ஆறு மணித்தியாலம் முன்னர் 400 மில்லிகிராம் கஃபீன் உட்கொண்டவர்களின் நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேற் குறைந்ததென 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அது பல கோப்பைகளின் அளவுதான். எனினும், எட்டு மணிக்குக் கடுஞ்சாயத் தேநீரைக் குடித்துவிட்டு, பத்து மணிக்குக் குடித்த பால் பலிக்கவில்லை என்று குறைகூறுதல் நியாயமன்று.

இரண்டாவது பயன் ஒழுங்கு. நாள்தோறும் ஒரே நேரத்தில், கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு, அமைதியாக இருந்து பாலை அருந்துபவருக்கு அதுவே உறங்கும் வேளையின் அறிகுறியாகிவிடுகிறது. படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் அருந்துதல் நலம். படுக்கும் நேரத்தில் நிறையக் குடித்தால், சிறுநீர் கழிக்க இடையில் எழவேண்டி நேரும். முதியோருக்கு இது சிறப்பாகப் பொருந்தும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்குச் சாதிக்காய் தக்க சான்று. சிட்டிகையளவு மணந்தரும், ஏறத்தாழ ஐந்து கிராமளவு உட்கொண்டாலோ வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் என்பன உண்டாகலாம். அந்நஞ்சு பல மணித்தியாலங் கழித்தே தலைகாட்டும். "இன்னும் நித்திரை வரவில்லையே" என்று மேலும் அள்ளியிடுபவர் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். அழுகிற கைக்குழந்தையை உறங்கவைக்கச் சாதிக்காயை உரைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். கர்ப்பிணிகளும், நித்திரை மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாது சாதிக்காயைச் சேர்த்தலாகாது.

வாரத்தில் மூன்று இரவேனும் நித்திரையின்றி மூன்று மாதம் கழிந்தாலும், உறக்கத்திற் குறட்டையோடு மூச்சுத் தடைப்பட்டாலும், வைத்தியரை நாடுவதே கடன். நோய் காரணமாக நித்திரை கெட்டவருக்குப் பால் மருந்தாகாது. பழக்கம் காரணமாக நித்திரை கெட்டவருக்கு, அப்பழக்கத்தை மாற்ற அது நல்ல துணையாகும்.