லாப்டாப் வாங்கப் போகிறீர்களா?

மகள் கல்லூரிக்குப் போகிறாள், லாப்டாப் வேண்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்கினால், "எஸ்.எஸ்.டி. மாடல்க்கா, தாராளமா எடுத்துக்கிருங்க" என்பார்கள். அது என்ன எஸ்.எஸ்.டி.?

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்க ஆரம்பித்த லாப்டாப்களில் இருந்தது ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும்போது குழந்தை தட்டிவிட்டால் போச்சு! எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. வேகமும் பல மடங்கு. (அந்தப் பழைய லாப்டாப் பரணில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 'சாட்டா' ரக எஸ்.எஸ்.டி. மாற்றினால் சுறுசுறுப்பாகிவிடும்.)

புது மாடல்களில் பெரும்பாலும் வருவது 'என்.வி.எம்.இ.' ரகம். சாட்டா விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும், இதில் பல 3,000-ஐத் தாண்டும். அதைவிட வேகமானது என்று கூடுதல் பணம் கேட்டால், "வேண்டாங்க, 256 ஜி.பி.க்குப் பதிலா 512 குடுங்க" என்று சொல்லுங்கள். வேக வித்தியாசம் வீட்டு வேலையில் தெரியாது. இடம் போதாதது தெரியும். மலிவு மாடலில் 'இ.எம்.எம்.சி.' என்றிருந்தால் தொடவே வேண்டாம். மெதுவானது, போர்டோடு பற்றவைத்திருப்பதால் மாற்றவும் முடியாது.

கடையில் சொல்லாதது ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் கெடுமுன் பல சமயம் கடகடவென்று சத்தம் காட்டும். எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் ஒரே நாளில் போய்விடலாம்; உள்ளே இருந்ததை மீட்பதும் கஷ்டம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து பீரோவில் வையுங்கள். இதற்கு மட்டும் பழைய ரகமே மேல். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைத்தால் எஸ்.எஸ்.டி.யில் பதிவு அழிந்துபோகக்கூடும்.