நாய்க்குட்டியை வீட்டில் சேர்க்கும் முன்

பள்ளி விடுமுறை தொடங்கியதும், எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பது தோட்டங்களில் பழகிப்போன காட்சியாகும். லயத்தில் யார் வீட்டு நாயோ குட்டி ஈன்றிருக்கும். வேண்டாமென்று சொல்லப் பெற்றோருக்கு மனம் வராது. காட்டுப்பன்றிகள் புகும் இடங்களிலும், பாம்பு நடமாட்டமுள்ள பழைய லயங்களிலும் நாய் நல்ல காவல் என்பது உண்மையே. எனினும் சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, பிள்ளை ஆசைப்படுகிறதா என்பதன்று. காலை வேளையில் வீட்டில் இருக்கப்போகும் பெரியவர் யார் என்பதே.

பால்மரம் சீவும் தொழிலாளரின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறாத குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகல் ஆகிவிடும். ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்கள் எதிலும் இதே நடைமுறைதான். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உணவு வைப்பவர் யார்? “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உறுதி கூறும் பன்னிரண்டு வயது மகன் அந்நேரம் பள்ளியில் இருப்பான். அவன் கூறிய உறுதி பொய்யன்று. ஆனால் அவனால் இயலாதது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாயோ சீற்றம் மிக்கதாக மாறிவிடக்கூடும்.

பிள்ளைகளைக் கடிப்பவை தெரு நாய்களே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், அவர்களைப் பெரும்பாலும் கடிப்பது அவர்களுக்கு நன்கு பழகிய நாயேயாகும். சொந்த வீட்டிலோ அண்டை வீட்டிலோ, உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளுக்குப் பாலூட்டும்போதும் தொந்தரவு செய்யப்பட்ட நாய் கடித்துவிடுகிறது. தவழும் குழந்தையின் முகம் நாயின் வாயருகே இருப்பதால் காயம் முகத்திலும் தலையிலும் ஏற்படுகிறது. உடல் விறைப்பதும், உதடு சுருங்கிப் பல் தெரிவதும், உறுமுவதும் எச்சரிக்கை என்பதைக் குழந்தை அறியாது. உறுமியதற்காக நாயை அடிப்பதும் தவறு. அடிபட்ட நாய் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும். ஆகவே பள்ளி வயதை எட்டாத பிள்ளையை நாயுடன் ஒரு நொடியும் தனியே விடலாகாது. ஆயாக்கொட்டகை இல்லாமல், பாட்டி ஒருவரே இரண்டு மூன்று பிள்ளைகளைக் கவனிக்கும் வீட்டில் இது நடக்கக் கூடியதா என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயை நாம் மறந்துவிடவும் இயலாது. 2012ஆம் ஆண்டு அந்நோயற்ற நாடு என மலேசியா அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிய பின் பிழைத்தோர் மிக அரிது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது மருத்துவமாகாது. குட்டிக்குத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறாமல் கொடுக்க வேண்டியதும் இதனாலேயே. நாயின் மலத்திலிருந்து மண்ணில் சேரும் கொக்கிப்புழு, வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் தோலைத் துளைக்க வல்லது.

உணவைப் பொறுத்தவரை, மிஞ்சிய சோறும் குழம்பும் போதும் என்பது தவறான கருத்து. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வேக வைத்த கோழி எலும்பு தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

லயத்தில் ஒரு சுவரே இரு வீடுகளுக்கும் பொதுவாக இருக்கிறது. அண்டை வீட்டார் முஸ்லிம்களாயின், நாயின் எச்சில் பட்ட இடத்தைச் சமய முறைப்படி தூய்மை செய்யும் கடமை அவர்களுக்கு உண்டு. அவர்களிடம் முன்னதாகவே பேசி, நாய் அவர்கள் வாசலுக்குச் செல்லாதவாறு வேலியிடுதல் நன்று. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும், ஊராட்சி மன்றத்தின் உரிம விதியையும் கேட்டறிதல் அவசியம். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நாய் பத்து, பதின்மூன்று ஆண்டுகள் வாழக்கூடியது. அத்தனை காலம் அதே லயத்தில் நாம் இருப்போமா? தோட்டம் கைமாறி, குடும்பம் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர நேர்ந்தால், அங்கே நாய்க்கு இடமிராது. அப்போது அதை ஏற்க இசையும் உறவினர் ஒருவரை இன்றே தேடி வைத்தல் நலம்.

பகலில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், பிள்ளைகளும் சொல் கேட்கும் வயதினராயின், குட்டியைச் சேர்ப்பதில் தடையில்லை. ஆயினும் எட்டு வாரம் நிறையும்வரை அது தாயிடமே இருக்க வேண்டும். அந்நாட்களில் நாயின் உரிமையாளர் உடனிருக்க, நாள்தோறும் பள்ளி செல்லுமுன் தட்டைக் கழுவித் தண்ணீர் மாற்றும் வேலையை மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் பார்க்கலாம். நான்காம் வாரத்திலும் அழைக்காமலே எழுந்து செல்கின்றனரா என்பதைப் பெற்றோர் கவனிக்கட்டும்.