கணினித் திரையில் கூந்தல் தீட்டும் கலை

புகைப்படத்திலுள்ள ஒருவரின் முகத்தைக் கணினியில் ஓவியத் தோற்றத்துக்கு மாற்றும் பணியில், கண்ணையும் உதட்டையும்விடத் தலைமுடியே பெரும்பாலோரைத் திணறச் செய்கிறது. தோலின் நிறங்களைக் குழைத்து மென்மையாக்கினாலே முகம் ஓரளவு ஓவியமாகிவிடும். முடியை அவ்வாறு குழைத்தால் வெறும் நிறக் கலங்கல்தான் எஞ்சும், குழைக்காமல் விட்டாலோ தீட்டிய முகத்துக்குமேல் புகைப்படத்தின் முடி ஒட்டாமல் தனித்து நிற்கும். இந்திய ஸ்டூடியோக்களில் ‘டிஜிட்டல் பெயின்டிங்’, ‘ஸ்மட்ஜ் பெயின்டிங்’ என்னும் பெயர்களில் வழங்கும் இப்பணியில் தேர்ந்தவர்கள், புகைப்படத்திலுள்ள முடியை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, அதன்மேல் புதிய முடியை முழுவதுமாகத் தீட்டிவிடுகின்றனர்.

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒரு முடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். படத்தைக் கட்டமைக்கும் மிகச் சிறிய நிறப்புள்ளியே பிக்சல் எனப்படுகிறது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தலை படத்தில் 1,500 பிக்சல் அகலத்துக்கு அமைந்தால், ஒவ்வொரு பிக்சலும் 0.1 மில்லிமீட்டரைக் குறிக்கும். அதாவது, பெரும்பாலான முடிகள் ஒரு பிக்சலைக்கூட நிரப்புவதில்லை. ஆகவே புகைப்படத்தில் கண் காண்பவை பெரும்பாலும் கற்றைகளும், அவற்றின் மேடுபள்ளங்களும், அவற்றின்மீது படும் ஒளியுமே ஆகும். தனி இழைகள் ஓரங்களில் மட்டுமே புலப்படுகின்றன. இந்த உண்மையே முடி தீட்டும் முறை முழுவதற்கும் அடிப்படையாகும்.

முடி தீட்டுவதற்கெனத் தனித் தூரிகை ஏதோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் கணினிக்கு முன்பே இருந்திருக்கிறது. முடியை நுணுக்கமாகத் தீட்டுவதில் பெயர்பெற்ற ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரிடம், வெனிஸ் நகரின் மூத்த ஓவியர் ஜொவான்னி பெல்லினி, பல முடிகளை ஒரே வீச்சில் வரையும் தூரிகையைத் தமக்குத் தருமாறு கேட்டதாகவும், டியூரர் சாதாரணத் தூரிகைகளையே எடுத்துக் காட்டி, அவற்றில் ஒன்றால் அங்கேயே நீண்ட கூந்தலை வரைந்ததாகவும் 16ஆம் நூற்றாண்டு அறிஞர் யோவாகிம் கமராரியுஸ் எழுதியுள்ளார். பெல்லினி தேடிய தூரிகை இன்று படத்திருத்த மென்பொருளான ஃபோட்டோஷாப்பில் உண்டு. ஆயினும் அதை எந்த நிலையில் பயன்படுத்துவது என்பதை அறியாதவருக்கு அதனால் பயன் குறைவு.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் 1994ஆம் ஆண்டின் 3.0 பதிப்பு முதல் ‘லேயர்’ எனும் வசதி இடம்பெற்றது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவதற்கு ஒப்பான இவ்வசதியால், ஓர் அடுக்கில் நேர்ந்த பிழை மற்றவற்றைப் பாதிப்பதில்லை. முதல் அடுக்கில் முடி வளரும் திசையைச் சில கோடுகளாகக் குறித்துக்கொண்டு, அடுத்ததில் முடியின் முழு வடிவத்தையும் ஒரே கரும் நிறத்தால் நிரப்புவர். அதன்மேல் இடைநிறத்தால் பெரிய கற்றைகளைப் பிரித்து, ஒரு கற்றை மற்றொன்றின் அடியில் புகும் இடங்களை இருளாக்குவர். கீழுள்ள நிறத்தை மேலும் கருமையாக்கும் ‘மல்டிப்ளை’ முறை நிழலுக்கும், வெளிறச் செய்யும் ‘ஸ்கிரீன்’ முறை ஒளிக்கும் உதவுகின்றன.

இழைகள் இதன் பின்னரே வருகின்றன. வெள்ளைப் பரப்பில் வெவ்வேறு அளவுள்ள சில கரும்புள்ளிகளைச் சிதறலாக வைத்து, அத்தொகுதியையே தூரிகை முனையாகப் பதிவு செய்துகொண்டால், ஒரே வீச்சில் பல இழைகள் தோன்றும். கணினித் தூரிகையின் கோடு உண்மையில் நெருங்கி விழும் முத்திரைகளின் வரிசை என்பதால், அவற்றுக்கிடையிலான இடைவெளியை மிகக் குறைத்தால்தான் கோடு அறுபடாமல் ஓடும். முனையின் கோணம் கையின் திசைக்கேற்பத் திரும்பும்படி அமைத்தால் வளைவுகளிலும் இழைகள் சீராகத் தொடரும். அழுத்தத்தை உணரும் பேனா டேப்லெட்டில் கோட்டின் முனைகள் தாமாகவே மெலியும். மவுஸ் மட்டும் உள்ளவர்கள், பென் டூலால் வளைகோடு அமைத்து, அழுத்தத்தைப் போலச்செய்யும் வசதியைத் தேர்ந்து அதே விளைவைப் பெறலாம். வரைந்த நிறத்தை ஈர விரலால் இழுப்பதுபோல் நீட்டும் ‘ஸ்மட்ஜ்’ கருவி, கற்றையின் நுனியைக் கூர்மையாக்கவும் இரு நிறங்களை இணைக்கவும் பயன்படுகிறது.

முடிக்கு உயிரூட்டுவது ஒளியே. ஒவ்வொரு முடியும் நுண்ணிய உருளை என்பதால், வரிசையாகக் கிடக்கும் முடிகளில் படும் ஒளி, முடியோடும் திசைக்குக் குறுக்காக ஒரு பட்டையாகத் தெரிகிறது. 2003இல் ஸ்டீபன் மார்ஷ்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதில் இரண்டு பட்டைகள் இருப்பதை விளக்கியது: முடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, விளக்கின் நிறத்திலேயே தெரிகிறது, முடிக்குள் புகுந்து பின்சுவரில் மோதித் திரும்பும் ஒளி, முடியின் நிறத்தை ஏற்று, முதற்பட்டையிலிருந்து சற்று விலகித் தெரிகிறது. கருமுடியில் மெலனின் எனும் நிறமி உட்புகும் ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடுவதால் முதற்பட்டையே மேலோங்குகிறது. இதனால்தான் வெயிலில் நிற்பவரின் கருமுடி மின்னும் இடத்தில், வானத்தின் நிறமும் கலந்து, நீலச் சாயல் தென்படுகிறது. முழுக் கருப்பும் முழு வெள்ளையும் மட்டும் கொண்டு தீட்டிய முடி பிளாஸ்டிக்கைப் போல் தோன்றுவதும் இதனால்தான். ஒளிப்பட்டையை எல்லாக் கற்றைகளிலும் நேர்கோடாக இழுக்காமல், ஒவ்வொரு கற்றையின் புடைப்பிலும் தனித்தனியே உடைத்து வைக்க வேண்டும்.

நெற்றியோரத்தில் முடி கோடு போட்டதுபோல் தொடங்குவதில்லை. அங்கே தோலின் நிறமும் முடியின் நிறமும் கலந்த இடைநிறத்தை மெல்லப் பரப்பி, குட்டை இழைகளைச் சேர்த்து, முடியின் நிழலை நெற்றியிலும் காதிலும் விழச் செய்தாலே முடி தலையோடு பொருந்தும். பின்னலும் பூச்சரமும் உள்ள கூந்தலாயின் அவை ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு வேண்டும். வகிட்டிலும் காதோரத்திலும் கலைந்து பறக்கும் சில இழைகளை இறுதியில் சேர்க்கலாம். அவை மிகுந்தால் ஒழுங்கு கெடும்.

இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா, கிம்ப் ஆகிய மென்பொருள்களிலும் இம்முறை முழுவதையும் பின்பற்றலாம். பயில்வோர் படத்தை அவ்வப்போது அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது நல்லது. அந்த அளவிலும் முடியின் வடிவமும் ஒளியும் தெளிவாக இருந்தால் மட்டுமே இழைகளைத் தொட வேண்டும், இல்லையெனில் கற்றைகளைத் திருத்துவதற்கே திரும்ப வேண்டும்.