மணிக்கு 30 மில்லி

மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் காலியாகவில்லை என்று பொது வார்டிலேயே படுக்க வைக்கப்பட்டிருந்தார் தாராவியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர். மழைத் தண்ணீரில் முழங்கால் அளவு நடந்து வேலைக்குப் போனவர். காய்ச்சல் கண்ட நான்காம் நாள் நினைவு தடுமாறியது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சிறுநீர் இறங்க டியூப் போட்டு, கட்டிலோரம் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள்.

இரவு முழுதும் கண்விழித்த மனைவி, விடியற்காலையில் அந்தப் பையைப் பார்த்தார். அசிங்கமாகத் தொங்குகிறதே என்று கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்தார். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "பேஷாப் கித்னா ஹுவா?" என்று நர்ஸ் கேட்டபோது விழித்தார். நர்ஸ் சத்தம் போட்டது மட்டும் புரிந்தது, காரணம் புரியவில்லை. அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த சேலத்துக்காரர்தான் எடுத்துச் சொன்னார்: "அக்கா, அது அழுக்கு இல்லே, கணக்கு. ராத்திரி எவ்வளவு இறங்கிச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது."

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது?

உடம்பில் எங்கோ புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பே நிலை தடுமாறி, தன் உறுப்புகளைத் தானே கெடுத்துக்கொள்ளும் நிலையைத்தான் டாக்டர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். 'ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரத்தக் குழாய்கள் தளர்ந்து, நீர் வெளியே கசிந்து, அழுத்தம் குறைகிறது. இதயம் நிமிஷத்துக்கு இறைக்கும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போக வேண்டும். சாலில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் பிரஷர் குறைந்தால் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற முயலும் உடம்பு, சிறுநீரகத்தின் பங்கில் கை வைக்கிறது. கிருமியால் வரும் அழற்சியும் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும்.

ரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்து காட்டுவதற்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். சிறுநீரோ சில மணி நேரத்திலேயே சொல்லிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. கட்டிங் சாயா கிளாஸில் பாதிகூட இராது. தொடர்ந்து 6 மணி நேரம் இதற்குக் கீழே போனால் சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது என்று கொள்கிறார்கள். 12 மணி நேரமானால் நிலைமை இன்னும் ஒரு படி மோசம்.

அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பைக்கு மேலே கோடு போட்ட சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. மணிக்கொரு முறை அளவைப் பார்த்து எழுதி, பிறகே பைக்குள் விடுகிறார்கள். பொது வார்டில் இந்த வசதி எல்லாக் கட்டிலுக்கும் கிடையாது. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பது அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணைக்கு இருப்பவரின் கண்ணும் அங்கே ஒரு கருவிதான்.

அளவு குறைந்தவுடன் பதற வேண்டியதில்லை. டியூப் மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம், நோயாளியே அதன்மேல் படுத்திருக்கலாம். முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம்தான் ரத்த அழுத்தம், சலைன், மருந்து. அழுத்தம் விழுந்த நோயாளிக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி சலைன் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோவுக்கு ஏறக்குறைய 1,800 மில்லி. அதற்குமேல் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். "இன்னொரு பாட்டில் ஏற்றச் சொல்லுங்கள்" என்று டாக்டரை நெருக்குவது நம்மவர்களிடம் ஒரு பழக்கம். மிஞ்சிய நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணற வைக்கும். லாசிக்ஸ் ஊசி போட்டுச் சிறுநீர் கொட்டினாலும் சிறுநீரகம் தேறிவிட்டதாக அர்த்தமில்லை.

மழைக்கால மும்பையில் இன்னொரு சங்கடம் எலிக் காய்ச்சல். 2005 ஜூலை 26-ல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த நோய் பலரைத் தாக்கியது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள புண் வழியே கிருமியை ஏற்றிவிடுகிறது. இந்தக் காய்ச்சலில் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் கெடுவதும் உண்டு. ஆகவே அளவை மட்டும் நம்பாமல் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

டியூபே ஒரு தொந்தரவுதான். நாள் ஆக ஆக அதன் வழியாகவே புதுக் கிருமி ஏறும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. தேவை தீர்ந்த அன்றே டியூபை எடுத்துவிடுவது நல்லது.

வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவர் ஆறு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, கை கால் சில்லிடுகிறது என்றால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் வேளை அல்ல அது. ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு முன்பே சிறுநீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூசுகிற ஆண்களும், பொதுக் கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களும் தாராவியில் நிறையப் பேர்.

அந்தத் தொழிலாளிக்கு மறுநாள் மணிக்கு 20 மில்லி, அதற்கடுத்த நாள் 35, பிறகு 50 என்று ஏறியது. ஐந்தாம் நாள் டியூபை எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தார் நர்ஸ். மனைவி ஒவ்வொரு முறையும் அளந்து, காலண்டர் தாளின் பின்புறம் நேரத்தோடு குறித்து வைத்தார்.

"பேஷாப் கித்னா ஹுவா?" என்று கேட்டு வந்த நர்ஸிடம், தாளைப் பார்க்காமலே சொன்னார்: "டாயி சௌ." 250 மில்லி.