பேசும் நொடியில் வந்து சேரும் பெயர்கள்

‘கால் கயல்விழி’ என்று போனிடம் சொல்கிறோம். அடுத்த நொடி மறுமுனையில் மணி அடிக்கிறது. அந்தக் குரல் உதவியாளரைப் பயிற்றுவித்தவர்களுக்கு நம் கயல்விழி யாரென்றே தெரியாது. அவர் எண்ணை நேற்று இரவுதான் சேமித்திருப்போம். இருந்தும் சரியாகப் பிடித்துவிடுகிறது.

வாக்கியத்தின் அமைப்பு பயிற்சியின்போதே பதிந்துவிடுகிறது. பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். நாம் பேசும் கணத்தில் நம் தொடர்புப் பட்டியல் வந்து அதை நிரப்புகிறது. பயிற்சி பெற்ற மாடலில் ஓர் எண்கூட மாறுவதில்லை!

ஒலியைக் கேட்கும் நிரல் ஒரே சமயத்தில் பல ஊகங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. ஓர் ஊகம் ‘கய’ என்று தொடங்கினால், பட்டியலில் அப்படியொரு பெயர் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். ‘கயல்’ வரை வந்தால் இன்னும் கொஞ்சம். அதன்பின் ‘விழி’ வராமல் பேச்சு வேறு பக்கம் திரும்பினால், கொடுத்த சலுகை அத்தனையும் பறிபோகும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கறார்தான்.

சலுகையை அள்ளிக் கொடுத்தால், மழை வருமா என்று கேட்டாலும் யாரோ நண்பர் பெயர் சொன்னதாக அதற்குக் கேட்கும். அதனால் ‘கால்’ போன்ற சொல் வந்த பிறகே சலுகையைத் தொடங்கும் உத்தி ஒன்று உண்டு.

தட்டச்சில் உரையாடும் சாட்பாட்களிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கூகுளின் டயலாக்ஃப்ளோவில் ஓர் உரையாடலுக்கு மட்டும் தனிப் பட்டியல் அனுப்பலாம். பழைய பட்டியலுக்குப் பதிலாக அது வர வேண்டுமா, அதோடு சேர வேண்டுமா என்றும் சொல்லலாம். குரலில் இயங்கும் அமேசானின் அலெக்சாவும், மாற்றுச்சொற்களையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 100 சொற்கள் வரை ஏற்கும்.

தமிழுக்கு வந்தால் கதை மாறுகிறது. ‘கயல்விழிக்குப் போன் போடு’ என்பதில் பெயர்தான் முதலில் நிற்கிறது, முன்னறிவிப்பு கிடையாது. பட்டியலில் ‘சுந்தரம்’ என்று இருக்கும், வாயில் வருவதோ ‘சுந்தரத்துக்கு’. ‘சுந்தரத்தை’, ‘சுந்தரத்தோட’ என்று வேற்றுமை வடிவங்களையும் நிரலே உண்டாக்கி அனுப்ப வேண்டும். ஆளுக்கு நான்கு வடிவம் என்றால், அலெக்சாவைப் போல 100 இடங்கள் இருந்தாலும் 25 பேர்தான் அடங்குவார்கள். ஆனால் அந்த ‘க்கு’ ஒரு நல்ல துப்பு. பெயர் தொடங்கும்போது சலுகையைச் சிறிதாக வைத்து, ‘க்கு’ காதில் விழுந்ததும் மீதியைக் கொடுக்கலாம்.